மேடை காலியாக வேண்டும்

தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகு மலாக்கா ஊருக்கு ரயில் இல்லாமல் போனது. தம்பின் ஸ்டேஷனில் கிளை பிரிந்து ஊருக்குள் வந்துகொண்டிருந்த ஒற்றைப் பாதையை ஜப்பான்காரர்கள் ஆணி ஆணியாகக் கழற்றி, சயாமில் போடுகிற புதுப் பாதைக்கென்று ஏற்றி அனுப்பினார்கள். பாதை கிடந்த மண்மேட்டில் ஜனங்கள் மரவள்ளி நட்டார்கள். இரும்பு போன பின்னாலேயே ஆட்களும் போக ஆரம்பித்தார்கள்.

ரயில் இல்லாத ஊருக்கு பஸ்தான் ரயில். சிரம்பான் பக்கமிருந்து சாயங்காலம் வருகிற ரயில் வண்டி தம்பின் ஸ்டேஷன் மேடையில் கூட்டத்தைக் கொட்டிவிட்டுப் போகும். மலாக்காவுக்கு இரண்டு கரி பஸ்கள் நிற்கும். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு, அதில் ரப்பர்மரக் கரி. அது கனன்று புகை கட்டினால்தான் எஞ்சின் ஓடும். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். இரண்டு பஸ்ஸும் பிதுங்கப் பிதுங்க ஏற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக மலாக்காவுக்குப் போய் அங்கேயே படுத்துக்கொள்ளும். இடம் கிடைக்காதவர்கள் தம்பின் மேடையிலேயே தலைக்கு மூட்டையை வைத்துப் படுக்க வேண்டியதுதான். அது ஏதோ இரண்டொருவர் அல்ல. வந்தவர்களில் பாதிப் பேர்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் சேதுராமனின் தம்பி நல்லையா மிஞ்சிப் போனான்.

சேதுராமன் அப்போது மலாக்காப் பக்கத்தில், பஸ் வந்து நிற்கிற இடத்தில், இறங்குகிறவர்களிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தான். முன்பு மலாக்கா ஸ்டேஷனில் செய்த அதே வேலை. நல்லையா பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து தேடி சிரம்பான் போயிருந்தான். அன்றைய இரண்டு பஸ்ஸிலிருந்தும் எல்லோரும் இறங்கினார்கள். அவன் இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. காஜா பேராங் தெரு வீட்டில் நல்லையாவின் மனைவி மல்லிகா ஒன்றும் கேட்காமல் சேதுராமனின் முகத்தை மட்டும் பார்ப்பாள். சேதுராமன் பெண்டாட்டியை இழந்தவன், பிள்ளை குட்டி கிடையாது. அந்த வீட்டில் அவனுக்கு இருந்ததெல்லாம் தம்பி குடும்பம்தான்.

கொஞ்ச நாள் கழித்து, பஸ் ஓட்டுகிற கபீர் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். தெங்கேராக்காரன். பேச்சில் எப்போதும் ஒரு கேலி இருக்கும். அன்றைக்கு இல்லை.

"சேதண்ணே, ஒண்ணு சொல்லணும். சொன்னா அடிப்பீங்க."

"சொல்லு."

"ஒங்க தம்பி என் வண்டியிலதான் ஏறுனாரு. முன்சீட்டுல, எனக்குப் பக்கத்துல ஒக்காந்தாரு. அங்க கிராணியோட கோட்டு கெடந்துச்சு. அத மடிச்சு மடியில வெச்சுக்கிட்டாரு. கிராணி வந்து பாத்தான். 'என் கோட்டத் தொட்டவன் எவன்டா'ன்னு சட்டையப் புடிச்சு எறக்கி விட்டான். நான் வாயத் தொறக்கல அண்ணே. புள்ளகுட்டிக்காரன்."

சேதுராமன் டிக்கெட் கட்டைக் கீழே வைத்தான்.

"நாங்க கெளம்புறப்ப கிராணி மேடையப் பாத்து ஆள் ஒருத்தனுக்கு ஜாடை காட்டுனான். பொறவு டீக்காரம்மா சொல்லுச்சு. பொழுது சாயுற நேரத்துல லாரி ஒண்ணு வந்துச்சாம். மலாக்கா போவுது, சும்மாவே ஏறிக்கலாம்னாங்களாம். படுத்துக் கெடந்த சனம் அடிச்சுப் புடிச்சு ஏறுச்சாம். ஒங்க தம்பிதான் மொதல்ல ஏறுனதாம். லாரி மலாக்கா ரோட்டுல திரும்பலயாம் அண்ணே."

கிராணி என்று ஊர் சொன்னது அப்பாசாமியை. ஜப்பான் சண்டைக்கு முன் ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி. இப்போது சயாம் பாதைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்டு. ஜாலான் பெண்டஹாராவில், பூட்டிக் கிடந்த ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தார். வெள்ளை வேட்டி, அதற்கு மேல் காக்கிக் கோட்டு. கோட்டின் கையில் ஜப்பான் எழுத்து போட்ட பட்டையை ஊசி குத்தி வைத்திருப்பார். பாஸ் உள்பையில் இருக்கும். பஸ்ஸில் இடம் பிடிக்க மற்றவர்கள் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவார்கள். அவர் கோட்டைக் கழற்றி முன்சீட்டில் போட்டுவிட்டு இறங்கி விடுவார். பிறகு ஆற அமரத் தம் வேலையைப் பார்ப்பார். துண்டை எடுத்தெறிந்துவிட்டு உட்காருகிறவன் உண்டு. அந்தக் கோட்டைத் தொட ஆள் கிடையாது. கோட்டு கிடக்கிற வரை எந்த டிரைவரும் வண்டியை எடுக்கவும் மாட்டான்.

கபீர் எழுந்து போன பிறகும் சேதுராமன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். அரிவாளால் வெட்டலாம். வெட்டினால் ஜப்பான்காரர்கள் அவன் தலையை அறுத்துப் பெண்டஹாரா சந்தியில் வைப்பார்கள், மல்லிகாவும் பிள்ளையும் தெருவுக்கு வருவார்கள். அதுகூட அவனைத் தடுக்கவில்லை. வெட்டினால் அப்பாசாமி செத்துப் போவார். சாவு போதாது என்று அவனுக்குத் தோன்றியது. நல்லையா எங்கே போனானோ அங்கே அவர் போக வேண்டும். அதே மாதிரி ஏற வேண்டும். இந்த எண்ணம் வந்த பிறகு அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது. பல நாளைக்குப் பிறகு அன்றுதான் அவன் வயிறாரச் சாப்பிட்டான்.

அடுத்த வாரம் தன்னைத் தம்பினுக்கு மாற்றச் சொல்லி அவனாகவே கேட்டுக்கொண்டான். ஊரில் சிரித்தார்கள். தம்பின் மேடையில் அடிதடி, வசவு, மழையில் ஒழுகுகிற தகரம். அங்கே எவனாவது விரும்பிப் போவானா?

போய்ச் சேர்ந்ததும் அவன் ஒன்றும் செய்யவில்லை. பார்த்தான். கையில் ரயில்வே பட்டையைக் கட்டிக்கொண்டு, கழுத்தில் ஊதலைத் தொங்கவிட்டு, கூட்டத்தை ஏற்றி அனுப்பியபடியே பார்த்தான். அங்கே ஆள் வண்டி என்று சொன்னது ஒரு சரக்குப் பெட்டியை. பக்கத்துத் தோட்டங்களில் பிடித்தவர்களை அதில் அடைத்து ஓரத் தண்டவாளத்தில் நிறுத்தியிருப்பார்கள். வடக்கே போகிற வண்டி வந்து அதைக் கோத்துக்கொண்டு போகும். பெட்டிக் கதவில் எத்தனை தலை என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருக்கும். காவலுக்கு வருகிற சிப்பாய்கள் அதைப் பார்த்து எண்ணித்தான் கதவைச் சாத்துவார்கள். குறைந்தால் அப்பாசாமி மேடையில் படுத்திருப்பவர்களைக் கொண்டு நிரப்புவார். அவருக்கு அந்த மேடை வீட்டுத் தொட்டி மாதிரி. எப்போது மொண்டாலும் தண்ணீர் இருக்கும்.

இன்னொன்றும் பார்த்தான். காவல் சிப்பாய்கள் ஒவ்வொரு தடவையும் புது ஆட்கள். அப்பாசாமியின் முகம் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பார்ப்பது கைப்பட்டையை.

தொட்டியை முதலில் வற்றவைக்க வேண்டும்.

ஸ்டேஷன் தலைவர் ஒரு கிழட்டு ஜப்பான்காரர். எக்கிச்சோ என்று கூப்பிடுவார்கள். ஜனங்கள் மேடையில் கல் கூட்டிச் சமைப்பதும் ஒண்ணுக்குப் போவதும் அவருக்குப் பிடிக்காது. மலாயில், "மேடை காலியாக வேண்டும், காலியாக வேண்டும்" என்று தலையில் அடித்துக்கொள்வார். சேதுராமன் அவர் முன்னால் குனிந்து நின்று சொன்னான்: "காலி பண்ணிக் காட்டுகிறேன் துவான். என் சொல்படி பஸ் ஓட வேண்டும்."

அவன் சொன்னது பெரிய வித்தை ஒன்றுமில்லை. இரண்டு பஸ்ஸும் மலாக்கா வரை சேர்ந்து போக வேண்டாம். கபீரின் பஸ் தம்பினுக்கும் பாதி வழியிலிருக்கிற அலோர் காஜாவுக்கும் நடுவே மட்டும் ஓடட்டும். அங்கே இறக்கிவிட்டு உடனே திரும்பி வந்து மிச்சப்பேரை அள்ளிக்கொண்டு போகட்டும். மற்ற பஸ் அலோர் காஜாவிலிருந்து மலாக்காவுக்கு அப்படியே போய் வரட்டும். காத்திருப்பவர்கள் அலோர் காஜா கடைத்தெருவில் காத்திருக்கட்டும், தம்பினில் வேண்டாம். ரயில் வந்த பிறகு பஸ் அடுப்பை மூட்டாமல், முந்தின ஸ்டேஷனை விட்டதென்று தந்தி வந்ததுமே மூட்டிவிட வேண்டும். பஸ் டிக்கெட்டை ரயிலிலேயே கொடுத்துவிட வேண்டும். கூடை, மூட்டை, கோழிக்கூண்டு எல்லாம் மாட்டுவண்டியில் பின்னால் வரும். பஸ்ஸில் மனுசர்கள் மட்டும்.

கடைசியாக ஒன்று கேட்டான். ஊதல் ஊதினால் பஸ் புறப்பட்டுவிட வேண்டும், யாருக்காகவும் நிற்கக் கூடாது. எக்கிச்சோவுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பிடித்தது. தாமாகவே எழுதிச் சிவப்பு முத்திரை குத்தினார். அதைக் கபீரின் தலைக்கு மேலே ஒட்டினார்கள்.

முதல் வாரம் குளறுபடி. அலோர் காஜாவில் இறங்க மாட்டேன் என்று ஒரு பாட்டாளிக் கூட்டம் கபீரை அடிக்கப் போனது. பிறகு பழகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் தம்பின் மேடை வெறிச்சென்று ஆனது. மூட்டையில்லாத பஸ்ஸில் பெண்கள் உட்கார்ந்து வந்தார்கள். இப்படியும் ஒருவன் இருக்கிறானே என்று காஜா பேராங்கில் சேதுராமனைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட்டார்கள். புக்கிட் பாருவிலிருந்து ஒரு கிழவர் வாழைத்தார் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவர் மகன் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தானாம்.

சேதுராமன் அந்தத் தாரைத் தொடவில்லை. இவர்களுக்காக அவன் செய்யவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

அப்பாசாமிக்கு உறைக்க ஒரு மாதம் பிடித்தது. ஒரு சாயங்காலம், கோட்டை முன்சீட்டில் போட்டுவிட்டு, மேடையில் நின்றுகொண்டிருந்த சேதுராமனிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு.

"என்னப்பா சேது, மேடையக் கூட்டித் தொடச்சு வெச்சிருக்கியாமே. கல்யாணம் ஏதும் வெச்சிருக்கியா?"

"எக்கிச்சோ உத்தரவுங்க."

"உத்தரவு அவரோடது, மூளை ஒன்னோடதுன்னு எனக்குத் தெரியாதா? நல்ல வேலைக்காரன்யா நீ. ஆனா என் வயித்துல அடிக்கிற." சுருட்டை வாயின் மறுகோடிக்கு மாற்றினார். "எனக்கு ஆளு வேணும். ஸ்டேஷன்ல கெடைக்கலன்னா வீட்ல கெடைக்கும். காஜா பேராங்ல எத்தன வீட்ல ஆம்பள இருக்கான்னு விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். ஒன் வீட்டயும் சேத்து."

"எங்க வீட்ல நான் ஒருத்தன்தாங்க."

"அப்படியா? யாரோ தம்பிக்காரன் இருக்கான்னாங்களே."

சேதுராமன் அவர் கண்ணைப் பார்த்தான். நடிப்பு இல்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. சட்டையைப் பிடித்து இறக்கிவிட்ட முகம் அவர் நினைவில் இல்லை. அது வரைக்கும் சேதுராமனுக்குள் எங்கோ ஒரு மூலையில் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அந்த இடத்தில் அது போயிற்று.

"இருந்தான்," என்றான்.

"நாளன்னைக்கு ஆள் வண்டி போவுது. கொஞ்சம் கொறையுது. ரெண்டு மூணு பேர விட்டு வை, போதும். நீயும் பொழச்சுப்ப, ஒன் தெருவும் பொழச்சுக்கும்."

"பாக்குறேங்க," என்றான் சேதுராமன்.

குறிப்பிட்ட நாள் மழை இல்லை. சரக்குப் பெட்டி ஓரத்தில் நின்றது. உள்ளே இருந்தவர்கள் தண்ணீர் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சிரம்பான் வண்டி வந்தது. முதல் நடை போயிற்று. கபீர் திரும்பி வந்து அடுப்பில் கரி தட்டினான். இரண்டாம் நடைக்குக் கூட்டம் ஏறியது. அப்பாசாமி வழக்கம்போலக் கோட்டைக் கழற்றி முன்சீட்டில் போட்டுவிட்டு, மேடையைப் பார்த்து நடந்தார். ஊன்றுகோலோடு ஒருவன் மட்டும் மெதுவாக வந்துகொண்டிருந்தான். சேதுராமன் ஓடிப்போய் அவனைத் தோளோடு அணைத்துத் தூக்கி வந்து பஸ் படியில் ஏற்றினான்.

"ஏய், அவன விடு!" என்றார் அப்பாசாமி.

"இவனுக்குக் காலு சரியில்லீங்க. எண்ணிக்கையில சேத்துக்க மாட்டாங்க. தண்ணித்தொட்டிக்குப் பின்னால ரெண்டு பேரு ஒளிஞ்சிருக்காங்க, நல்ல வாட்டசாட்டமா. போய்ப் பாருங்க."

அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார். சேதுராமன் ஊதலை வாயில் வைத்தான்.

கபீர் ஜன்னலில் தலையை நீட்டினான். "சேதண்ணே! கிராணி கோட்டு இங்க கெடக்கு!"

"கெடக்கட்டும்."

"ஆள் வரலயே!"

"தலைக்கு மேல என்ன ஒட்டியிருக்குன்னு படி."

கபீர் அவனையே பார்த்தான். பிறகு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தான். அவன் முகம் மெல்ல மாறியது. "எனக்கு ஜப்பான் எழுத்து தெரியாது, மச்சான். நீங்க ஊதுனா நான் போறேன்," என்றான். அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் அன்றுதான் மச்சான் என்றான்.

சேதுராமன் ஊதினான். பஸ் இருமிக்கொண்டு நகர்ந்தது.

தொட்டிக்குப் பின்னால் யாரும் இல்லை. ஊதல் சத்தம் கேட்டு அப்பாசாமி ஓடி வந்தபோது புகைதான் மிச்சம். ரோட்டுத் திருப்பம் வரை ஓடினார். கத்தினார். செருப்பு ஒன்று கழன்றுபோனது. மூச்சு வாங்க, வெறும் உடம்பும் வேட்டியுமாக மேடைக்குத் திரும்பி வந்தார்.

"பைத்தியக்காரா! என் கோட்டுடா! பட்டை, பாஸ் எல்லாம் அதுலதான் இருக்கு!"

சேதுராமன் தண்டவாளத்தின் பக்கம் திரும்பினான். வடக்கே போகிற வண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது.

சிப்பாய்கள் குதித்து இறங்கினார்கள். பெட்டியைத் திறந்து, துப்பாக்கிக் கட்டையால் தட்டித் தட்டித் தலை எண்ணினார்கள். கதவில் எழுதியிருந்ததை ஒருவன் படித்தான். திரும்பவும் எண்ணினார்கள். ஆள் குறைந்தது. தலைவனைப் போலிருந்தவன் மேடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான். கூட்டிப் பெருக்கியது போலக் கிடந்த அந்த மேடையில் இரண்டே தமிழர்கள் நின்றார்கள்.

அவன் முதலில் சேதுராமனிடம்தான் வந்தான். இரண்டு பேரையும் தள்ளிக்கொண்டு போகலாம், கேட்பார் இல்லை. இதையும் சேதுராமன் யோசிக்காமல் இல்லை. அப்படியே நடந்தால் நடக்கட்டும், ஒரே பெட்டியில் போவோம் என்று நினைத்துத்தான் பஸ்ஸில் ஏறாமல் நின்றான். சிப்பாய் அவன் கையிலிருந்த ரயில்வே பட்டையைப் பார்த்தான். ஊதலைப் பார்த்தான். பிறகு அப்பாசாமி பக்கம் முகத்தைத் திருப்பி, அரைகுறை மலாயில் கேட்டான்: "இது யார்?"

அப்பாசாமி குனிந்து குனிந்து கும்பிட்டார். தாம் ஏஜெண்டு, ஆபீசின் ஆள் என்று மலாயும் தமிழும் கலந்து கொட்டினார். வெறும் கையைத் தட்டித் தட்டிப் பட்டை இருந்த இடத்தைக் காட்டினார். சிப்பாய்க்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவன் சேதுராமன் வாயைப் பார்த்தான்.

"சொல்லு சேது! சொல்லித் தொலை!"

சேதுராமன் மலாயில் நிதானமாகச் சொன்னான்: "பஸ்ஸைத் தவறவிட்ட ஆள்."

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. கழுத்தில் கை விழுந்ததும் அப்பாசாமி கால்களை மேடையில் ஊன்றிக்கொண்டார். துப்பாக்கிக் கட்டை முதுகில் இறங்கியது. பெட்டி வாசலில் அவர் திரும்பி, சிறு பிள்ளை மாதிரி அழுதார். "சேது, நான் ஒனக்கு என்னப்பா செஞ்சேன்?"

"நல்லையா," என்றான் சேதுராமன்.

"யாரு நல்லையா?"

உள்ளே இருந்த கைகள் அவரை இழுத்துக்கொண்டன. தங்களைப் பிடித்துக் கொடுத்தவர் யார் என்று அங்கே இருந்த தோட்டத்து ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். கதவு சாத்திய பிறகு பெட்டிக்குள்ளிருந்து வந்த சத்தத்தைச் சேதுராமன் கடைசி வரை நின்று கேட்டான்.

மூட்டை ஏற்றுகிற மாட்டுவண்டியில் ஏறி மறுநாள் காலை அலோர் காஜாவில் இறங்கினான். கபீர் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"கோட்டு எங்க?"

"எந்தக் கோட்டு?" என்றான் கபீர். "நேத்து மேட்டுல கரி பத்தல மச்சான். கைக்குக் கெடைச்சத உள்ள தள்ளுனேன். காக்கி நல்லா எரியுது."

காஜா பேராங் வரும் வழியெல்லாம் சேதுராமன் ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு வந்தான். மல்லிகாவிடம் எப்படிச் சொல்வது? நல்லையா போனது முதல் அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை. இதைக் கேட்டால் சிரிக்காவிட்டாலும் ஒரு மூச்சாவது விடுவாள்.

அவள் பின்வாசலில் மரவள்ளிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். பிள்ளை அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றது. சேதுராமன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். கோட்டு, லாரி, ஊதல், சரக்குப் பெட்டி. இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் அவன் எப்போதும் பேசியதில்லை. அவள் சீவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அவரு இருக்குற எடத்துக்கா போறான், மாமா?"

"அங்கதான். அதே பாதைக்குத்தான்."

அடுத்த வீட்டுக் கோழி உள்ளே வந்து தோலைக் கொத்தியது. அதை அவள் விரட்டவில்லை.

"புள்ளைக்குக் காய்ச்சல் நின்னு போச்சுன்னு அவருகிட்ட சொல்லச் சொல்லி ஒரு வார்த்த சொல்லி அனுப்பிருக்கலாமே, மாமா," என்றாள். "அவரு மருந்துக்குத்தான போனாரு. இன்னும் அதையே நெனச்சுக்கிட்டு இருப்பாரு."

அவள் கத்தியை எடுத்து அடுத்த கிழங்கைச் சீவ ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலம் அவன் தம்பினில் நின்றான். பஸ் கிளம்ப ஊதல் ஊதினான். மேடை காலியாகிவிட்டது. வடக்கே போகிற வண்டி வந்து நின்றபோது, அதில் சயாம் பாதைக்குப் போகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா, நல்லையாவுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாமா என்று, அவன் ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தான்.